நிஜத்தைக் குறைத்தால் கூட்டம் வந்துவிடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கார் பந்தய வீடியோ கேம்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நிஜத்தை நெருங்க நெருங்க ஆடுபவர்கள் குறைந்துவிடுவார்கள், எல்லாரையும் ஈர்க்க வேண்டுமென்றால் நிஜத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக இந்த விளையாட்டுகளை ஆடிவருபவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் பார்த்தவரை யாரும் நிஜத்தைக் கண்டு ஓடியதில்லை. கார் ஏன் சுழன்றது என்றே புரியாமல் நாலு தடவை சுழன்ற பிறகுதான் ஓடியிருக்கிறார்கள்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். என் மகளுக்குப் பதினோரு வயது. நிஜக் காரைப் போலவே நடந்துகொள்ளும் சிமுலேட்டர் வகை விளையாட்டு ஒன்றை முதல்முறையாக ஆட உட்கார்ந்தாள். ஒரே வளைவில் ஐந்து முறை மணலுக்குள் போய்விட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் விரல்களைக் கவனித்தேன். வளைவு வந்ததும் பிரேக்கை முழுசாக அழுத்தி, அதே நேரத்தில் ஸ்டியரிங்கையும் கோடி வரை தள்ளுகிறாள். வண்டியின் மூக்கு திரும்பவே இல்லை, நேராகப் போகிறது. அவளுக்கு அது விளையாட்டு செய்யும் அநியாயமாகத் தெரிந்தது. "நான் திருப்பிட்டுத்தானே இருக்கேன்!" என்று கத்தினாள்.

அவள் திருப்பியது உண்மைதான். ஆனால் டயரிடம் இருக்கும் பிடிமானம் ஓர் அளவுக்கு உட்பட்டது. அதை முழுவதும் பிரேக்கிற்கே செலவழித்துவிட்டால் திரும்புவதற்கு மிச்சம் இருக்காது. "நேராகப் போகும்போதே பிரேக் பிடிச்சிடு. திருப்ப ஆரம்பிக்கும்போது விரலை மெல்ல மெல்ல விடு" என்றேன். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்சக்கரங்களின் மேல் சாய்கிறது; மெல்ல விட்டால் அந்த எடையோடே வளைவுக்குள் நுழையலாம். இந்த விளக்கத்தையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. ஆறாவது முறையும் மணல்தான். ஏழாவது முறை வண்டி வளைவின் உள்விளிம்பை ஒட்டிப் போய் வெளியே வந்தது. "இப்போ சொன்ன பேச்சு கேட்குதுப்பா" என்றாள்.

இதில் யாரும் நிஜத்தைக் குறைக்கவில்லை. அவளுக்குக் காரணம் தெரிந்தது, அவ்வளவுதான். நான் பக்கத்தில் இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் காரணத்தை விளையாட்டேதான் சொல்லியிருக்க வேண்டும்.

கட்டுரையாளர் இந்த இடத்தைத் தொடவே இல்லை என்பதுதான் என் குறை. உண்மையான காரில் ஓட்டுநருக்கு உடம்பே தகவல் சொல்கிறது. பின்பக்கம் வழுக்கத் தொடங்கினால் கண்ணுக்கு முன்னால் இடுப்புக்குத் தெரிந்துவிடும். முன்டயர்கள் பிடியை இழக்கப் போகும்போது ஸ்டியரிங் கையில் லேசாகிவிடும். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு இதெல்லாம் கிடையாது. கண்ணும் காதும் மட்டும்தான். விசைப்பலகையில் ஆடினால் இன்னும் மோசம்: பிரேக் என்றால் முழு பிரேக், திருப்பினால் முழுத் திருப்பம். ஆக, காரின் பிசிக்ஸை அப்படியே கொண்டுவந்து வைத்துவிட்டு மற்றதை விட்டுவிட்டால், அந்த விளையாட்டு நிஜக் காரை விடக் கடினமாகிவிடுகிறது. அதை நிஜம் என்று எப்படி ஏற்பது? டயரின் கீச்சொலியைக் கொஞ்சம் முன்னதாகவே கேட்க வைப்பதும், சக்கரம் பூட்டிக்கொள்ளும்போது கன்ட்ரோலரின் பிரேக் விசையை விரலடியில் அதிர வைப்பதும் சலுகை இல்லை. உடம்புக்குக் கிடைக்காமல் போன தகவலை வேறு வழியில் தருவது அது. 2013இல் வந்த ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் 5இல் அந்த விசை அதிர்வு இருந்தது. விலை உயர்ந்த ஸ்டியரிங் வீல் வாங்காதவருக்கும் டயர் பேசியது.

கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸைக் கட்டுரையாளரின் பக்கத்துச் சாட்சியாகச் சிலர் சொல்லக்கூடும். 1998இல் வந்த, பாபிரஸ் நிறுவனம் உருவாக்கிய அந்த விளையாட்டு, 1967ஆம் ஆண்டின் கிராண்ட் பிரீ பந்தயங்களை எடுத்துக்கொண்டது. காரைத் தரையோடு அழுத்தும் இறக்கைகள் அந்தக் கார்களில் கிடையாது. 3 லிட்டர் எஞ்சினின் முழு வலுவும் பின்சக்கரங்களுக்குப் போகும். விமர்சகர்கள் கொண்டாடினார்கள், விற்பனை படுத்துவிட்டது. நானும் அதில் பல மாலைகள் ஒரு சுற்றைக்கூட முடிக்காமல் எழுந்திருக்கிறேன். ஆனால் அந்த விற்பனையை வைத்து "மக்களுக்கு நிஜம் வேண்டாம்" என்று தீர்ப்பெழுத முடியாது. ஏனென்றால் அதற்கு முந்தைய வருடம்தான் கிரான் டூரிஸ்மோ வந்தது. நிஜமான ஓட்டும் அனுபவம் என்பதைத் தன் அடையாளமாகவே அறிவித்துக்கொண்டு வந்த அந்த விளையாட்டு, 1 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதில் எளிதாக ஓட்டிப் போகும் ஆர்க்கேட் முறை தனியாக இருந்தது, நிஜத்தை ஒட்டிய சிமுலேஷன் முறை தனியாக இருந்தது. சிமுலேஷன் பக்கம் போனால் முதலில் ஓட்டுநர் உரிமத் தேர்வு. புறப்பட்டுக் குறித்த இடத்தில் நிறுத்து, இந்த ஒரு வளைவை மட்டும் இத்தனை வினாடிக்குள் எடு என்று துண்டு துண்டாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தத் தேர்வுகளை அலுப்பு என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவை அவைதான்.

அப்புறம், அதே கிரான் டூரிஸ்மோ தொடரை ஆடிய லூகாஸ் ஓர்டோனெஸ் என்ற ஸ்பானியர், கேம் ஆடுபவர்களிலிருந்து பந்தய வீரர்களைத் தேர்ந்தெடுக்க 2008இல் தொடங்கிய ஜிடி அகாடமி போட்டியில் வென்று நிஜப் பந்தய வீரரானார். 2011 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் இரண்டாவதாக வந்தது. கோடிப் பேருக்கு விற்ற தொடரே நிஜ ஓட்டுநர் ஒருவரையும் தந்திருக்கிறது என்றால், இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது?

நிஜத்தை வெட்டிக் கூட்டம் சேர்க்கப் பார்த்ததற்கும் உதாரணம் இருக்கிறது. 2020இல் வந்த ப்ராஜெக்ட் கார்ஸ் 3இல் டயர் தேய்மானம், எரிபொருள் செலவு, டயர் மாற்றவும் எரிபொருள் நிரப்பவும் நடுவில் நிற்கும் பிட் நிறுத்தம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். பழைய ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். 2022இல் அந்தத் தொடரே நிறுத்தப்பட்டது. நிறுத்தியதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால் டயர் தேயாததால் புதிதாக ஒரு பெருங்கூட்டம் வந்துவிடவில்லை.

உதவி தர வேண்டும், தாராளமாகத் தர வேண்டும். அது காரின் குணத்தை மாற்றாமல் மேலே போர்த்திய போர்வையாக, வேண்டாதபோது எடுத்துவிடக் கூடியதாக இருக்க வேண்டும். 1990களின் தொடக்கத்திலேயே ஜெஃப் கிராமண்ட் தன் ஃபார்முலா ஒன் கிராண்ட் பிரீ விளையாட்டில் இதைச் செய்து காட்டினார். தானாகப் பிரேக் பிடிப்பது, தானாக கியர் மாற்றுவது, போக வேண்டிய பாதையைத் தரையில் கோடாகக் காட்டுவது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போடலாம், அணைக்கலாம். அடியில் இருக்கும் கார் ஒன்றேதான். சிறு பையனும் ஆடலாம், தேர்ந்தவரும் ஆடலாம். 2008இல் கிரிட் விளையாட்டு, மோதிவிட்டால் சில வினாடிகள் பின்னோக்கிப் போய் மறுபடி ஓட்டும் வசதியைத் தந்தபோது சிமுலேட்டர் ரசிகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். நானும் அன்று அந்தப் பக்கம்தான் நின்றேன். இன்று மகள் அதே வளைவை மூன்று முறை திரும்ப எடுத்துப் பிரேக் பிடிக்கும் இடத்தைத் தேடுவதைப் பார்க்கும்போது, அதைவிட நல்ல வாத்தியார் இல்லை என்று நினைக்கிறேன்.

ஆர்க்கேட் விளையாட்டுகளை நான் தாழ்வாகச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். அவுட் ரன், ரிட்ஜ் ரேசர் இரண்டும் என் நெஞ்சுக்கு நெருக்கமானவை. 6 கோடிக்கு மேல் விற்ற மாரியோ கார்ட் 8 டீலக்ஸில்கூட, பாதையை விட்டு விலகாமல் வண்டியைத் தானே திருத்தும் வசதி இருக்கிறது, வேண்டாமென்றால் அணைத்துவிடலாம். பின்தங்கியவருக்கு வலிமையான பொருள் கிடைக்கும் என்பதும் எல்லாருக்கும் தெரிந்த விதி. அதில் ஒளிவுமறைவு இல்லை. சிமுலேட்டர் என்று பெயர் போட்டுக்கொண்டு, நாம் பின்தங்கினால் எதிர்க் கார்களைச் சொல்லாமல் மெதுவாக்கும் விளையாட்டுகள்தான் எனக்குக் கசக்கின்றன. அப்படி ஒன்றில் ஜெயித்த பிறகு, ஓட்டியது நானா என்ற கேள்வி மட்டும்தான் மிஞ்சியது.

உங்கள் இதழில் விமர்சனம் எழுதுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தனை கார்கள், இத்தனை டிராக்குகள் என்ற கணக்கோடு நிறுத்திவிடாதீர்கள். பெட்டியோடு வரும் சாதாரண கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு, உதவிகளை ஒவ்வொன்றாக அணைத்து ஒரு மாலை முழுக்க ஓட்டிப் பாருங்கள். வண்டி சுழலும்போதெல்லாம், சுழல்வதற்கு முன் அது உங்களுக்கு ஏதாவது சொன்னதா என்று குறித்துவைத்து, அதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்