மேசையும் மேசாவும்

ஹூஸ்டன்
சனிக்கிழமை

அன்புள்ள கமலா,

முழங்கால் வலி குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். நிம்மதி. இங்கே வெயில் வேலூரைப் போல, புழுக்கம் சென்னையைப் போல. ஊரை விட்டு வந்ததாகவே தோன்றவில்லை.

“தமிழே திக்கித் திணறி வரும் பிள்ளைக்கு ஸ்பானிஷ் எதற்கு?” என்று கேட்டிருந்தாய். தமிழாசிரியை கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இந்த ஊரில் கடையிலும் பூங்காவிலும் அந்த மொழி காதில் விழாத நாளே இல்லை. அதனால் மகள் தினமும் அரை மணி நேரம் பேரன் கவினுக்கு ஸ்பானிஷ் காணொளி போட்டுக் காட்டுகிறாள்.

நம் ஊர்த் தொலைக்காட்சியில் தமிழ் பேசிக்கொண்டே ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த டோரா நினைவிருக்கிறதா? 2000-இல் இங்கே தொடங்கியபோது அவள் சொல்லிக்கொடுத்தது ஸ்பானிஷ். கேள்வி கேட்டுவிட்டு நம்மையே பார்த்தபடி நிற்பாளே, அது குழந்தை வாய் திறப்பதற்காக விட்ட இடைவெளி. கவின் பார்க்கும் காணொளிகள் பலவற்றில் அந்தப் பொறுமை இல்லை. பாட்டு முடிவதற்குள் அடுத்த பாட்டு வந்துவிடுகிறது.

ஒரே மாதத்தில் “ஊனோ, தோஸ், த்ரேஸ்” என்று பத்துவரை மூச்சுவிடாமல் ஒப்பித்தான். வீடே பூரித்துப்போனது. எனக்குத்தான் சந்தேகம். மூன்று எலுமிச்சம்பழங்களை வைத்து எத்தனை என்று கேட்டேன். மறுபடியும் ஊனோவில் தொடங்கி, நிறுத்தாமல் தியேஸ்வரை போய்விட்டான்!

மருமகனிடம் சொன்னபோது அவர் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். பட்ரீஷியா கூல் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் 2003-இல் வெளியிட்டது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கச் செய்தார்களாம். ஆள் நேரில் உட்கார்ந்து விளையாடிப் பேசியபோது, பன்னிரண்டு அமர்வுகளில் குழந்தைகள் அந்த ஒலிகளைப் பிரித்தறிந்தன. அதையே திரையில் பார்த்த குழந்தைகளுக்கு எதுவும் ஏறவில்லை. கவினுக்கு மூன்றரை வயது, கைக்குழந்தை அல்ல. ஆனாலும் எனக்கு உறைத்தது.

இப்போது ரிமோட் என் கையில். ‘ரோஹோ’ என்று சிவப்பைக் காட்டினால் உடனே நிறுத்திவிட்டு, வீட்டில் சிவப்பாக என்ன இருக்கிறது, எடுத்து வா என்கிறேன். எனக்கு ஸ்பானிஷ் தெரியாததும் வசதிதான். அவன் வாத்தியார், நான் மக்கு மாணவி. திட்டுகூட வாங்குகிறேன்.

ஒருநாள் மேசையைக் காட்டி “மேசா” என்றார்கள். நான் துள்ளிவிட்டேன். மேசை நமக்குப் போர்த்துக்கீசியர் கொடுத்த சொல்லல்லவா? ஸ்பானிஷ் அவர்கள் மொழியின் உடன்பிறப்பு. அலமாரி அங்கே அர்மாரியோ, சாவி யாவே. இன்னொன்று, இது உனக்காகவே: ‘பெரோ’ என்றால் ‘ஆனால்’, ‘பெறோ’ என்றால் நாய். ரகரம் றகரம் என்று வகுப்பில் நீ தொண்டை வற்றக் கத்தியது வீண்போகவில்லை, கமலா. கவினுக்கு நான் ‘அரை, அறை’ சொல்லிக்கொடுத்த பிறகுதான் அவனுடைய நாய் ஒழுங்காகக் குரைக்கிறது.

பக்கத்து வீட்டில் மெக்சிகோ நாட்டுப் பாட்டி ஒருவர் இருக்கிறார். வேலியோரம் நின்று கவின் அவரிடம் “கோமோ எஸ்தாஸ்?” என்றான். அவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். அது ‘எப்படி இருக்கிறாய்?’ என்று மகள் பிறகு விளக்கியதும் எனக்கு வெட்கமாகிவிட்டது. பெரியவர்களிடம் ‘கோமோ எஸ்தா உஸ்தேத்?’ என்பதுதான் மரியாதையாம். அவன் பார்க்கும் காணொளிகளில் பிள்ளைகள் பிள்ளைகளோடுதான் பேசுகிறார்கள். ‘நீங்கள்’ எங்கிருந்து வரும்? “என்னை நீங்கள் என்கிறாயே, அந்தப் பாட்டிக்கும் அப்படித்தான்” என்றேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டான். தமிழ் இல்லாத பிள்ளைக்கு இதை எப்படி விளக்கியிருப்பேன், நீயே சொல்.

அந்தப் பாட்டி இப்போது தன் மரத்து எலுமிச்சையைப் பறித்து, ஒவ்வொன்றாக அவன் கையில் வைத்து எண்ணுகிறார். நேற்று மூன்றோடு நிறுத்தி, “த்ரேஸ்!” என்று என்னிடம் ஓடிவந்தான்.

உன்னிடம் ஓர் உதவி. நீ பாலர் வகுப்பில் ஆடிக்காட்டிச் சொல்லும் காய்கறிக் கதையை உன் பேத்தியிடம் சொல்லிக் கைபேசியில் படமெடுத்து அனுப்பு. ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு ஐந்து நொடி சும்மா இரு. உனக்கு அது கஷ்டம் என்று தெரியும். இருந்தாலும் முயற்சி செய்.

அன்புடன்,
விசாலம்