உள்பக்கம் பார்த்துத் தை

அன்புள்ள கண்ணுக்கு,

மெஷின் வாங்கிவிட்டேன், பாப்பாவுக்கு எதைத் தைத்து ஆரம்பிக்கட்டும் என்று கேட்டாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாப்பா வந்து பிடுங்கிக்கொள்வாள், பாதிதான் உனக்குப் போய்ச் சேரும். அதனால் எழுதுகிறேன். பக்கத்தில் வைத்துக்கொண்டே தைக்கலாம்.

நானும் இப்போது உன்னைப் போலப் புதிதாகக் கற்றுக்கொள்கிறவள்தான். நீ ஹைஸ்கூல் சேர்ந்த வருஷம் மூடி வைத்த உஷா மெஷினை மறுபடி திறந்திருக்கிறேன். அது என் அப்பா, உன் அப்புச்சி, வாங்கிக் கொடுத்தது. அவர் கதர் தவிர வேறு துணி உடுத்தாதவர். இயந்திரங்களைப் பற்றி அவ்வளவு கடுமையாகப் பேசிய காந்தியே தையல் மெஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார் என்று அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லித்தான் அதை வீட்டுக்குள் கொண்டுவந்தார். மெக்கானிக் வந்து தோல் பெல்ட்டை மாற்றினார், துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியில் அடைந்திருந்த பஞ்சை எடுத்தார், எண்ணெய் விட்டார். அவ்வளவுதான், ஓட ஆரம்பித்துவிட்டது.

கால் எதையும் மறக்கவில்லை, கண்ணு. சக்கரத்தை என் பக்கமாக ஒரு தட்டுத் தட்டி மிதித்ததும் பழைய தாளம் தானாக வந்தது. கண்ணும் விரலும் அப்படி இல்லை. அதனால் பழைய நினைப்பை ஒதுக்கி வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர் எங்களை எங்கே உட்கார வைத்தாரோ அங்கேயே போய் உட்கார்ந்தேன். கோடு போட்ட நோட்டுத் தாளை எடுத்து, நூல் கோக்காமல், கோட்டின் மேலேயே ஊசியை ஓட்டுவது. நேர்க்கோடு பழகியதும் தட்டை வைத்து வட்டம் வரைந்து அதன் மேல் ஓட்டுவது. உன்னுடையது கரண்ட் மெஷின், லேசாக அழுத்தினாலே பாயும். நீயும் இதை முதலில் செய். காகிதம் ஊசியை மழுக்கிவிடும், அதற்கென்று ஒரு பழைய ஊசி வைத்துக்கொள்.

இனி நான் உனக்குச் சொல்ல நினைக்கிற முக்கியமான விஷயம். குழந்தை உடுப்பில் உள்பக்கம்தான் உடுப்பு. பாப்பாவின் தோலில் படுவது அதுதான். நீ மூன்று வயதாக இருக்கும்போது தீபாவளிக்குக் கடையில் ஒரு நெட் கவுன் எடுத்தோம். வெளியே ஜரிகையும் மணியுமாக ஜொலித்தது. உள்ளே நெட்டின் வெட்டிய ஓரம் இடுப்பைச் சுற்றி முள்ளு முள்ளாக நின்றது. அரைமணி நேரத்தில் கழற்றி எறிந்துவிட்டு ஜட்டியோடு நின்று மத்தாப்பு பிடித்தாய். பிடிவாதம் என்று எல்லோரும் சொன்னார்கள். பிடிவாதம் இல்லை, உனக்குக் குத்தியது. ஆகவே பூ வைப்பது, லேஸ் வைப்பது எல்லாம் அப்புறம் ஆகட்டும். உன் நேரத்தை முதலில் உள்ளே செலவிடு. முதல் உடுப்பைத் தைத்து முடித்ததும் அதை உள்வெளியாகத் திருப்பிப் போட்டோ எடுத்து அனுப்பு. நான் அதைத்தான் பார்க்க ஆசைப்படுகிறேன்.

துணிக்கு வருகிறேன். ஈரோட்டில் இருந்துகொண்டு துணிக்குக் கவலையா என்பாய். திங்கள் ராத்திரி தொடங்கி செவ்வாய் முழுக்க கனி மார்க்கெட்டில் ஜவுளிச் சந்தை நடக்கிறது, கட் பீஸ் குவியல் குவியலாகக் கிடக்கிறது. ஆனால் கண்ணுக்குப் பிடித்ததை எல்லாம் ஆரம்பத்தில் வாங்கக்கூடாது. மல் துணி குழந்தைக்கு அருமையானது, ஆனால் மெஷினுக்கு அடியில் வழுக்கும், நெளியும். பனியன் துணி இழுபடும், அதற்கு முனை உருண்ட ஊசியே தனியாக வேண்டும். பாப்ளின் அல்லது கேம்பிரிக் எடு. சொன்ன இடத்தில் நிற்கும், இஸ்திரி போட்டால் மடிப்பு பிடிக்கும். 14-ஆம் நம்பர் ஊசி போதும். மல் துணிக்குப் போகும்போது 11 போட்டுக்கொள். உங்கள் மெல்போர்னில் டிசம்பரில்தான் வெயில் என்பதால் மெல்லிய பருத்தியே இப்போதைக்குச் சரி.

வாங்கிய துணியை அப்படியே வெட்டிவிடாதே. தண்ணீரில் நன்றாக நனைய விட்டு, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் கத்தரி. பருத்தி முதல் துவையலில் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் கைக்குழி இறுகிப் பாப்பாவால் கையைத் தூக்க முடியாது. சாயம் போகுமா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம், ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையில் தேய்த்தால் தெரிந்துவிடும். இன்னொன்று, துணியின் கரை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம்தான் உடுப்பின் நீளம் வரவேண்டும். பாவு நூல் அந்த வாக்கில் ஓடுகிறது, அது இழுபடாது. துணி மிச்சம் பிடிக்கிறேன் என்று கோணலாக வைத்து வெட்டினால் நாலு துவையலில் உடுப்பு ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும்.

மெஷினைப் பற்றி ஒன்றே ஒன்று. கையூசிக்குக் காது தலையில், மெஷின் ஊசிக்குக் காது முனையில். 1846-இல் எலியாஸ் ஹோவ் என்ற அமெரிக்கர் காப்புரிமை வாங்கிய மெஷினிலேயே அப்படித்தான் இருந்தது. நூல் ஊசிமுனையோடு துணிக்குக் கீழே இறங்கினால்தான் அங்கே ஒரு வளையம் விழும், அந்த வளையத்துக்குள் கீழ்நூல் போய்ப் பூட்டிக்கொள்ளும். மேல்நூலும் கீழ்நூலும் துணியின் நடுவே சந்திப்பதுதான் தையல். இது மனதில் இருந்தால் நூல் சிக்கும்போது பதற்றம் வராது. துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சேர்ந்தால் எல்லோரும் கீழ்நூல் சுற்றிய பாபினைத்தான் குடைவார்கள். கோளாறு பெரும்பாலும் மேல்நூலில் இருக்கும், நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுக்கு நடுவில் அது சரியாக உட்கார்ந்திருக்காது. துணியை அழுத்திப் பிடிக்கும் பிரசர் ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு முதலிலிருந்து கோத்துப் பார். ஊசி கோக்கும்போது காதுக்குப் பின்னால் ஒரு துண்டு வெள்ளைத் தாளைப் பிடித்தால் ஓட்டை பளிச்சென்று தெரியும். என் வயதுக்கு இது பெரிய உதவி. உனக்கும் ராத்திரி பாப்பா தூங்கிய பிறகு தைக்கும்போது உதவும்.

சரி, முதலில் தைக்க வேண்டியது எலாஸ்டிக் டவுசர். பட்டன் நுழையும் காஜா இல்லை, கழுத்து இல்லை, கை இல்லை. பாப்பாவுக்கு இப்போது சரியாக இருக்கும் டவுசர் ஒன்றை எடுத்து, ஒரு காலுக்குள் இன்னொரு காலை மடித்து, செய்தித்தாள் மேல் வைத்துச் சுற்றி வரை. முன்பக்கத்தை விடப் பின்பக்கம் உயரமும் வளைவும் கூடுதலாக இருக்கும், இரண்டையும் தனித்தனியாக வரைந்து வெளித்தொடைப் பக்கத்தில் ஒட்டிவிட்டால் ஒரு காலுக்கு ஒரே துண்டு. பக்கத்தில் தையலே கிடையாது. எலாஸ்டிக் இடுப்பை இழுத்துக் காட்டும் என்பதால், வரையும்போது அதை நன்றாக விரித்துப் பிடி. சுற்றிலும் அரை இஞ்ச், கீழே மடிக்க ஒரு இஞ்ச், இடுப்பில் எலாஸ்டிக்கை உள்ளே வைத்து மடிக்க ஒன்றரை இஞ்ச் கூட்டி வெட்டு.

முதலில் ஒவ்வொரு காலின் உள்தொடையையும் தனியாகத் தைத்துவிடு. அப்புறம் ஒரு காலை நல்ல பக்கம் வெளியே வரும்படி திருப்பி, திருப்பாத காலுக்குள் நுழை. நல்ல பக்கமும் நல்ல பக்கமும் ஒட்டி நிற்கும். இப்போது நடு வளைவை முன்னிடுப்பிலிருந்து பின்னிடுப்பு வரை ஒரே ஓட்டமாகத் தைத்துவிடலாம். இந்தத் தையல்தான் குழந்தை குந்தும்போதெல்லாம் இழுபடுகிறது, அதனால் அதன் மேலேயே இன்னொரு தையல் போடு. உன் மெஷினில் ஜிக்ஜாக் இருக்கிறதே, ஓரத்துக்கு அதை ஓட்டிவிடு. எலாஸ்டிக்கைப் பாப்பாவின் இடுப்பில் சுற்றிப் பார்த்து, அழுத்தாத அளவுக்கு வெட்டு. கழற்றினால் வயிற்றில் தடம் தெரியக்கூடாது. அதுதான் அளவு.

அப்புறம் கையில்லாத கவுன். மேலே குறுகலாக, கீழே அகன்று, நேராக இறங்குவது. டீச்சர் சொல்லித் தந்த கணக்கு இன்னும் எனக்கு மனப்பாடம். மார்புச் சுற்றில் நாலில் ஒரு பங்கு கைக்குழியின் ஆழம். பாப்பாவின் மார்பு 20 இஞ்ச் என்றால் 5 இஞ்ச். காற்றோட்டத்துக்கு நான் அரை இஞ்ச் கூட்டிக்கொள்கிறேன். இந்த வயதில் தலையும் மார்பும் ஏறத்தாழ ஒரே சுற்றளவு, கண்ணு. அதனால்தான் கவுனின் உடம்பு சரியாக இருந்தும் தலை நுழையாமல் பிள்ளை அழுகிறது. கழுத்தை அகலமாக வெட்டினால் தோளிலிருந்து நழுவும். கழுத்தைச் சின்னதாகவே வைத்து, பின்னால் 4 இஞ்ச் திறப்பு விட்டு, மேலே ஒரு பிரஸ் பட்டன் வை. அதை இழுத்து இழுத்துப் பார்த்து உறுதி செய்துகொள். கழன்று வாய்க்குப் போகக்கூடாது. கழுத்தில் நாடா மட்டும் வைக்கவே வைக்காதே. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சறுக்குமரத்திலோ கட்டில் கம்பியிலோ மாட்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார். ஐரோப்பாவுக்கு அனுப்பும் சின்னக் குழந்தைகளின் உடுப்பில் கழுத்துப் பக்கம் கயிறு, நாடா கூடாது என்பது விதி. நம் திருப்பூர்க் கம்பெனிகளில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

கவுனின் தோளையும் பக்கத்தையும் பிரெஞ்சு தையலாகப் போடு. நல்ல பக்கம் வெளியே தெரியும்படி இரண்டு துண்டுகளையும் சேர்த்துக் கால் இஞ்சில் ஒரு தையல். விளிம்பை அதில் பாதியாகக் கத்தரி. திருப்பி, இஸ்திரி போட்டு, இந்த முறை உள்பக்கத்திலிருந்து கால் இஞ்சில் இன்னொரு தையல். வெட்டிய ஓரம் முழுக்க உள்ளே போய் மூடிக்கொள்ளும். ஒரு பிசிறு வெளியே வராது. ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் இல்லையே என்ற ஏக்கமும் போய்விடும். கழுத்துக்கும் கைக்குழிக்கும் கிராஸ் பீஸ் வெட்டி வைத்துத் தை. துணியின் கரை, குறுக்கு நூலோடு ஒட்டி விழும்படி மடித்தால் கிடைக்கும் சாய்வு மடிப்புதான் கிராஸ். ஒன்றேகால் இஞ்ச் அகலப் பட்டை போதும். குறுக்காக வெட்டியதால் அது வளைவோடு வளைந்து கொடுக்கும். உள்ளே மடிக்கும் முன் கழுத்து வளைவில் தையலைத் தொடாமல் சின்னச் சின்ன வெட்டு விடு, இல்லாவிட்டால் சுருண்டு நிற்கும்.

பாவாடையைத் தைக்கும் ஆசையில்தான் நான் மெஷினையே திறந்தேன். சின்னப் பிள்ளைக்கு இடுப்பு ஏது? வயிறுதான் இருக்கிறது. நாடாவைக் கட்டினால் அழுத்தும், தளர்த்தினால் விழும். அதனால்தான் பாடி வைத்துத் தைப்பது. கையில்லாத ஒரு சின்ன மேலுடம்பு, அதில் சுருக்கிய பாவாடை தொங்கும், பாரம் முழுக்கத் தோளில். சுருக்கு வைக்க, தையல் நீளத்தைப் பெரிதாக்கி இரண்டு வரி ஓட்டி, கீழ்நூல்களைச் சேர்த்து இழுத்தால் போதும். துணியின் அகலம் பாடியின் சுற்றளவைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும்.

அப்புறம் டக். பாவாடையின் கீழ்ப்பகுதியில் முக்கால் இஞ்ச் மடிப்பு ஒன்று வைத்தால் ஒன்றரை இஞ்ச் துணி அதற்குள் ஒளிந்திருக்கும். இரண்டு டக் வைத்தால் மூன்று இஞ்ச். இந்த வயதில் பிள்ளை வருஷத்துக்கு இரண்டரை இஞ்ச் போல வளரும், அது முழுக்கப் பாவாடையில் வராது. ஆகவே ஒரு பாவாடை இரண்டு மூன்று வருஷம் ஓடும். உன் நீலப் பாவாடையில் டக் பிரித்த இடமெல்லாம் வெளுக்காத நீலமாகக் கோடு கோடாகத் தெரியும். ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளிக்கூடம் திறக்கும் முன் ஒரு டக் பிரிப்பேன், நீ திண்ணையில் நின்று சுற்றிக் காட்டுவாய். அந்தக் கோடுகளை எண்ணினால் நீ வளர்ந்தது எனக்குத் தெரியும். பிரிப்பது சுலபமாக இருக்க டக்கை மட்டும் பெரிய தையலாகப் போடு.

பாடிக்குக் கடைத்துணி வேண்டாம். பாப்பா பிறந்தபோது முதலில் அவளைச் சுற்றியது அப்பாவின் பழைய வேட்டியில்தான். பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது என்று பெரியவர்கள் சொல்வதற்குப் பல காரணம் இருக்கலாம். எனக்குத் தெரிந்த காரணம், பல தடவை துவைத்த பருத்தியின் மென்மை வேறு எதிலும் கிடையாது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, நைந்த இடத்தை விலக்கி, நல்ல இடமாகப் பார்த்து வெட்டினால் இன்னும் பல காலம் உழைக்கும். இரண்டு வேட்டி எடுத்து மடித்து வைத்திருக்கிறேன். ஒன்று உனக்குப் பார்சலில் வரும், ஒன்று எனக்கு.

நீ டவுசரையும் கவுனையும் தை. பாவாடையை அம்மிச்சி தைக்கட்டும், அதை மட்டும் எனக்கு விட்டுவிடு. அதற்கு அளவு வேண்டும். பாப்பா நிற்கும்போது எடு, படுத்திருக்கும்போது எடுத்தால் சரியாக வராது. தோள்பட்டையிலிருந்து அக்குளுக்குச் சற்றுக் கீழே வரை, அங்கிருந்து கணுக்கால் வரை, மார்புச் சுற்று, வயிற்றுச் சுற்று, இரண்டு தோள் முனைகளுக்கு இடையில். டேப்பை இறுக்காதே, உள்ளே இரண்டு விரல் போக வேண்டும். இந்த வாரமே அனுப்பினால் அடுத்த செவ்வாய்ச் சந்தையில் துணி எடுத்துவிடுவேன். என்ன நிறம் வேண்டும் என்று அவளிடமே கேட்டு எழுது.

அன்புடன்,
அம்மா