நைனாவுக்கு, சுங்கை பூலோவிலிருந்து

சிங்கப்பூர்,
12.1.2025, ஞாயிறு இரவு

அன்புள்ள நைனாவுக்கு,

நான் நலம். நாளைக்குப் போகி. எண்ணூரே புகையாக இருக்கும், அம்மாவை விடியற்காலையில் வெளியே வரவேண்டாம் என்று சொல்லுங்கள். பணம் வெள்ளிக்கிழமையே போட்டுவிட்டேன்.

போன வாரம் போனில், "லீவு நாள்ல கொக்கு எண்ணப் போறியாடா?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். நான் இங்கே பறவை எண்ணப் போவதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் விடுதியிலிருந்து கொஞ்ச தூரத்தில் சுங்கை பூலோ என்று ஒரு சதுப்பு நிலம் இருக்கிறது. முன்பு இறால் குட்டைகளாக இருந்த இடம். 1989-இல் அரசு அதைப் பறவைகளுக்கென்று ஒதுக்கி, 1993-இல் மக்களுக்குத் திறந்துவிட்டது. பழைய குட்டைகளின் கரையும் மதகும் அப்படியே இருக்கின்றன. ஏத்தம் வந்து கடல்தண்ணீர் ஏறும்போது வெளியே கடற்கரைச் சேறு முழுகிவிடும். கால் நீளமில்லாத பறவைகளுக்கு நிற்க இடமிருக்காது. மதகை வைத்து உள்ளே தண்ணீரைக் குறைவாக வைத்திருப்பதால் எல்லாம் கூட்டமாக இங்கே வந்து இறங்கும். எண்ணுவதற்கு அதுதான் நேரம். பௌர்ணமி நெருங்கிவிட்டதால் இன்றைக்கு நல்ல ஏத்தம்.

எண்ணுவது சுலபம் என்று நினைத்துத்தான் நானும் போனேன். முதலில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்த அளவை வைத்துக் கூட்டத்தைப் பத்துப் பத்தாகத் தாண்டிக்கொண்டே போக வேண்டும். ஒருவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுவார். இன்று பவளக்காலிகளை நான் 140 என்றேன், கூட இருந்த அக்கா 120 என்றார். மறுபடி எண்ணலாம் என்று பைனாகுலரை எடுத்தபோது ஒரு பருந்து மேலே வந்தது. அவ்வளவுதான், மொத்தமும் எழும்பிவிட்டது. அரை மணி நேரம் காத்திருந்து, அவை திரும்பி இறங்கிய பிறகு முதலிலிருந்து எண்ணினோம். 128. யாருக்கும் சலிப்பே இல்லை. அந்த நிதானம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

பவளக்காலி என்றால் நாம் சிவப்புக்கால் உள்ளான் என்போமே, அதேதான். முதல் தடவை பார்த்தபோது நம் ஆற்றிலிருந்துதான் வந்திருக்கிறது என்று நினைத்துக் கண் கலங்கிவிட்டேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாதாம். இங்கே வருபவை குளிர்காலத்துக்காக வடக்கிலிருந்து இறங்குகின்றன. நம் பக்கம் வருபவையும் அப்படித்தான். இரண்டு இடத்திலும் எண்ணுவதும் ஒரே மாதத்தில்தான். ஆசியா முழுக்க ஜனவரியில் நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள், 1987-இலிருந்து நடக்கிறது.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நம் ஆற்று ஞாபகம்தான். "உள்ளான் மேயுற சேறுலதான் உயிர் இருக்கு, அங்க இறாலைத் தேடு" என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லித் தந்தது நீங்கள். கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து சேறு இறுகியபோது உள்ளான் குறைந்ததை முதலில் கவனித்ததும் நீங்கள்தான். 2023 டிசம்பரில் மழைவெள்ளத்தோடு எண்ணெய் வந்து, கூழைக்கடாக்கள் கறுப்பாக நின்றனவே, அப்போது எத்தனை பறவை என்று கேட்டவர்களிடம் நம் குப்பத்தில் எல்லோரும் "நிறைய" என்றுதான் சொன்னோம். உங்கள் கண்ணுக்குத் தெரிந்தது எதுவும் எந்த நோட்டிலும் இல்லையே நைனா. எனக்கு அது ஆறவே இல்லை.

பொங்கல் கழித்து ஊருக்கு வருகிற நண்பனிடம் ஒரு பைனாகுலர் கொடுத்து அனுப்புகிறேன். தம்பியைக் கூட்டிக்கொண்டு, தண்ணீர் இறங்கியிருக்கும் வத்தத்தில் ரயில் பாலத்துக்குப் பக்கத்துச் சேற்றுக்குப் போங்கள். நீங்கள் எண்ணிச் சொல்லுங்கள், அவன் எழுதட்டும். தேதி, நேரம், ஏத்தமா வத்தமா, எந்தப் பறவை, எத்தனை. பேர் தெரியாவிட்டால் நீங்கள் கூப்பிடும் பேரையே எழுதச் சொல்லுங்கள். பறவை எதுவும் இல்லாத நாளிலும் 0 என்று போட வேண்டும், அதை விட்டுவிடக் கூடாது.

எழுதிய பக்கத்தைப் போட்டோ எடுத்து ஞாயிறு தோறும் அனுப்பச் சொல்லுங்கள். என்னுடையதை நானும் அனுப்புகிறேன்.

அன்பு மகன்