ரிலீவருக்காகக் காத்திருந்த அட்மிரல்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மாடி ஒழுகல் சரியாகிவிட்டது, நீ அனுப்பிய பணத்தில் மீதியை பேங்கில் போட்டுவிட்டேன். மருமகளும் குட்டியும் இன்னும் திருவாரூரில்தான் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் திறந்து நாளாகிவிட்டது. அதைப் பற்றி உன்னிடம் நான் எதுவும் கேட்கப்போவதில்லை.

'ரிலீவர் வரலப்பா, காண்ட்ராக்ட்ட எக்ஸ்டெண்ட் பண்ணிட்டாங்க' என்று வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தாய். உன் இடத்துக்கு வர வேண்டிய ஆள் போன தடவையும் இப்படித்தான் வரவில்லை. கப்பல் வேலையின் கஷ்டம் எனக்குத் தெரியாது. வரலாறு சொல்லிக்கொடுத்தே காலம் தள்ளியவன், எனக்கு அந்த வழியில்தான் பேச வரும். சின்ன வயதில் உன்னை நாகப்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிப்போய், 1782 ஜூலையில் பிரிட்டிஷ் அட்மிரல் ஹியூஸும் பிரெஞ்சு அட்மிரல் சஃப்ரெனும் இந்தக் கடலில்தான் மோதினார்கள் என்று கை நீட்டிக் காட்டுவேனே. அப்போதே காலிங்வுட்டைப் பற்றியும் சொல்லியிருக்கிறேன். பிரிட்டிஷ் அட்மிரல் நெல்சனின் நண்பர் என்பதோடு நிறுத்திவிட்டேன், நீயும் அதற்கு மேல் கேட்கவில்லை. இப்போது முழுக்கச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

கத்பர்ட் காலிங்வுட் இங்கிலாந்தில் நியூகாசில்காரர், ஒரு வியாபாரியின் மகன். 1761-ல் பன்னிரண்டு வயதில் கப்பல் ஏறினார். முதல் நாள் வீட்டை நினைத்து அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாராம். ஒரு அதிகாரி வந்து ஆறுதலாக நாலு வார்த்தை சொல்ல, பையன் அவரைத் தன் பெட்டியருகே கூட்டிப்போய் வீட்டிலிருந்து கொண்டுவந்த கேக்கில் பெரிய துண்டாக எடுத்துக் கொடுத்தானாம். மும்பைக்கு ரயில் ஏறியபோது நீ அழவில்லை. அம்மா கொடுத்த முறுக்கை எதிர் சீட்டுக்காரருக்கு நீட்டினாய். எனக்கு அன்றைக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

லெப்டினன்ட் ஆவதற்கே அவருக்குப் பதினான்கு வருஷம் ஆனது. 1775-ல் அமெரிக்கச் சுதந்திரப் போரின் பங்கர் ஹில் சண்டையில் படகுகளில் வேலை பார்த்த பிறகுதான் அது கிடைத்தது. 1777-ல் கேப்டனோடு ஒத்துப்போகாமல் கோர்ட் மார்ஷல் என்கிற ராணுவ விசாரணை வரை போனார். குற்றமில்லை என்று விடுவித்த நீதிமன்றமே, இனி வேலையில் கொஞ்சம் உற்சாகம் காட்டு என்று புத்தி சொல்லி அனுப்பியது. நெல்சன் அவரைவிடப் பத்து வயது சின்னவர். ஆனால் நெல்சன் ஒரு கப்பலை விட்டு மேலே போனால், காலியான அந்த இடத்துக்குத்தான் இவர் வருவார். ஒரு தடவை இல்லை, வரிசையாக மூன்று கப்பல்களில் அப்படி நடந்தது. அப்படியும் கடைசி வரை இரண்டு பேரும் நண்பர்களாகவே இருந்தார்கள். அந்த மனசு எல்லோருக்கும் வராது.

மூன்றாவது கப்பல் ஹிஞ்சின்ப்ரூக். 1780-ல் நிகரகுவா கரையில் காய்ச்சல் வந்து, கப்பலில் இருந்த 200 பேரில் 180 பேரை நாலே மாதத்தில் புதைத்தார். மறு வருஷம் ஜமைக்கா பக்கத்தில் புயலில் அவர் கப்பல் உடைந்து, ஆட்களோடு ஒரு மணல் திட்டில் கிடந்தார். இதெல்லாம் உடம்புக்கு வந்த கஷ்டம், தாங்கிக்கொண்டார். மனசில் தைத்தது வேறொன்று. பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த 1794 ஜூன் 1 கடற்சண்டையில் பார்ஃப்ளர் கப்பலின் கேப்டன் அவர். நன்றாகவே சண்டை போட்டார். அட்மிரல் ஹவ் அனுப்பிய அறிக்கையில் மட்டும் அவர் பெயர் இல்லை, மெடலும் இல்லை. மூன்று வருஷம் கழித்து செயின்ட் வின்சென்ட் முனைச் சண்டைக்கு மெடல் கொடுக்க வந்தபோது, முந்தியதைக் கொடுக்காமல் இதை வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். இரண்டும் வந்தது. கத்தவில்லை, வேலையை விட்டு ஓடவுமில்லை. நேராக, மரியாதையாகக் கேட்டார். உனக்கும் அப்படிக் கேட்க வேண்டியது இருக்கிறது. எழுத்தில் கேள், தம்பி. பதினோரு மாதத்துக்கு மேல் ஒருவரைக் கப்பலில் வைத்திருக்கக் கூடாது என்று விதி இருப்பதாக நீதானே எனக்குச் சொன்னாய்?

ஆட்களை அவர் நடத்திய விதத்தையும் சொல்ல வேண்டும். சவுக்கடி சாதாரணமாக இருந்த காலத்தில் அதை முடிந்தவரை தவிர்த்தவர். மாலுமியை 'ஏய்' போட்டுக் கூப்பிடும் இளம் அதிகாரிகளைக் கண்டிப்பார். பெயர் தெரிந்தால் பெயரைச் சொல், தெரியாவிட்டால் 'மாலுமி' என்று கூப்பிடு என்பார். பீரங்கிப் பயிற்சியில் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டார், ஐந்து நிமிஷத்துக்குள் மூன்று முறை சுட வேண்டும். 1805 அக்டோபர் 21 அன்று டிரஃபால்கர் கடற்சண்டையில் ராயல் சாவரின் கப்பலோடு எதிரி வரிசைக்குள் முதலில் புகுந்தவர் அவர்தான். நெல்சன் குண்டு பட்டு விழுந்ததும் படை முழுவதும் அவர் பொறுப்புக்கு வந்தது. நீயும் உன் ஆட்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாய், எனக்குத் தெரியும்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்ததே.

1791-ல் அவருக்குக் கல்யாணம். மனைவி பெயர் சாரா. இரண்டு பெண் குழந்தைகள். மோர்பெத் என்கிற சின்ன ஊரில் வீடு. லீவில் வந்தால் பை நிறைய ஓக் மரத்து விதைகளைப் போட்டுக்கொண்டு நடக்கப் போவார், நல்ல மண் கண்ட இடத்தில் ஊன்றிவிட்டு வருவார், பிற்காலத்தில் கப்பல் கட்ட மரம் வேண்டுமே என்று. 1803-ல் கிளம்பினார். பெண்களுக்கு அப்போது பத்து, பதினோரு வயது. அப்புறம் அவர் வீட்டுக்கு வரவே இல்லை.

ஒரு சமயம் நங்கூரமே போடாமல் 22 மாதம் கடலிலேயே நின்றார். பெண்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடு, ஜியோமெட்ரி படிக்கட்டும் என்று மனைவிக்கு எழுதினார். தோட்டத்தைப் பற்றி, மரங்களைப் பற்றி எல்லாம் கேட்டு எழுதினார். அவ்வளவு அக்கறையும் தபாலில்தான் போனது. 1793-க்குப் பிறகு வீட்டில் இருந்தது ஒரே வருஷம்தான், என் பிள்ளைகளுக்கே என்னைச் சரியாகத் தெரியாது என்று அவரே எழுதியிருக்கிறார். அதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குட்டி போனில் உன் முகத்தைப் பார்த்துவிட்டு யார் யார் என்று கேட்டதை அம்மா உன்னிடம் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

மேஜையில் குனிந்து எழுதி எழுதியே அவர் வயிறு கெட்டது. நீயாவது வாட்ச் டியூட்டி முடிந்ததும் படுத்துத் தூங்கு. 1808-ல் உடம்பு முடியவில்லை, வேறு ஆளை அனுப்புங்கள் என்று கேட்டார். உங்கள் இடத்துக்குத் தகுந்த ஆள் கிடைப்பது கஷ்டம் என்று கடற்படை அமைச்சர் மல்கிரேவ் பிரபு பதில் போட்டார். இவரும் இருந்துவிட்டார். பவுன்ஸ் என்று ஒரு நாய் வளர்த்தார், வருஷக்கணக்காகக் கூடவே இருந்தது. 1809-ல் அதுவும் கடலில் விழுந்து போய்விட்டது. 1810 மார்ச்சில் ஒருவழியாகக் கிளம்பிவிட்டார். மத்தியதரைக் கடலில் மெனோர்கா தீவின் மஹோன் துறைமுகத்தை விட்டுக் கப்பல் புறப்பட்ட மறுநாள், மார்ச் 7, கப்பலிலேயே இறந்தார். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் நெல்சனுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். அந்தப் பெண்களுக்கு அதனால் என்ன?

அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவருக்கு வர ஆசை இருந்தது, விடவில்லை. உனக்கு எது என்று நான் கேட்கவில்லை. ஆனால் ரிலீவர் வரவில்லை என்பது உண்மையானால் எழுத்தில் கேள், உண்மை இல்லையென்றாலும் வந்துவிடு. வீட்டில் என்ன நடந்திருந்தாலும் ஆள் நேரில் வந்து உட்கார்ந்தால்தான் பேச முடியும். இந்தப் பக்கம் யார் என்ன சொன்னார்கள் என்றெல்லாம் நான் எடுக்கமாட்டேன், அம்மாவும் எடுக்கமாட்டாள், அவளிடம் சொல்லிவிட்டேன். மருமகள் நல்ல பெண், தம்பி. போன வாரம் அம்மாவின் மாத்திரைச் சீட்டைத் தேடி எடுத்து அவள்தான் அனுப்பி வைத்தாள்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. எந்தத் துறைமுகத்தில் சைன் ஆஃப் பண்ணி இறங்குவாய் என்று தெரிந்ததும் சொல். ஆனால் டிக்கெட் போட்டால் எங்களுக்குச் சொல்வதற்கு முன்னால் திருவாரூருக்கு ஒரு போன் பண்ணு. ராத்திரி எட்டு மணிக்குப் பண்ணு, அந்த நேரத்தில்தான் குட்டி முழித்திருப்பாள்.

அன்புடன்,
அப்பா