ஷெப்பி தீவுக் கொட்டைகள்

ஏற்காடு,
கார்த்திகை மாதம்.

அன்புள்ள சண்முகம்,

இங்கே எல்லோரும் சுகம். மழைதான் விட்டபாடில்லை. காப்பிப் பழம் பறிக்க ஆள் கிடைக்காமல் அல்லாடுகிறோம், பாதி செடியடியிலேயே உதிர்ந்து கிடக்கிறது. மிளகு பரவாயில்லை. தங்கச்சி மகனுக்குத் தை மாதம் சேலத்தில் கல்யாணம். பத்திரிகையை வாட்ஸப்பில் அனுப்பச் சொல்கிறேன். அதற்குள் ஊர் வந்து சேர்ந்துவிடு. தட்டுவடை செட்டுக்கு நாக்கு ஏங்குகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய்.

பேரனைப் பார்க்க இங்கிலாந்து போன மனுஷன், கென்ட் பக்கத்து ஷெப்பி தீவுக் கடற்கரைச் சேற்றில் குனிந்து, கல்லாகிப்போன பழங்காலக் கொட்டை (ஃபாசில்) பொறுக்கிக்கொண்டிருக்கிறாய் என்றால் நம் செட்டில் எவன் நம்புவான்? தாவரவியல் லேபுக்கு டிமிக்கி கொடுத்த ஆளாயிற்றே நீ! போகட்டும், நீ அனுப்பிய படங்களைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன்.

நீ ‘குட்டித் தேங்காய்’ என்று எழுதியிருப்பது தேங்காய் இல்லை, தென்னைக்குத் தூரத்துப் பங்காளி. நீபா என்னும் சதுப்புநிலப் பனையின் காய். உயிரோடு பார்க்க வேண்டுமானால் இன்றைக்கு சுந்தரவனத்துக்கோ அந்தமானுக்கோ போக வேண்டும். குலையில் காய்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வளர்வதால் ஒவ்வொன்றும் கோணிப்போய்ப் பக்கவாட்டில் முகடு விழுந்திருக்கும். உன் படத்தில் அந்த முகடுகள் தெளிவாகத் தெரிகின்றன. சுமார் 5 கோடி வருஷத்துக்கு முன்னால் அந்தக் கரையில் இது மண்டிக் கிடந்திருக்கிறது. குளிருக்கு ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நீ நிற்கிற இடத்தில்!

லாடம் மாதிரி வளைந்த சின்னக் கொட்டைதான் எனக்குப் பிடித்தது. அதைப் பார்த்ததும் வேலிக்குப் போனேன். கட்டுக்கொடி ஞாபகம் இருக்கிறதா? இலையைக் கசக்கித் தண்ணீரில் பிழிந்து, கட்டியாகிறதா என்று காத்திருப்போமே, அதேதான். அதன் கருநீலப் பழத்தைப் பிதுக்கி, சதையைக் கழுவிவிட்டு லென்ஸில் வைத்தேன். மிளகு அளவுக் கொட்டை. வளைந்து இரண்டு முனையும் கிட்டத்தட்டத் தொட்டுக்கொள்கிறது, முதுகோரம் முழுக்கக் குறுக்கு வரிகள், நடுவில் ஒரு பள்ளம். உள்ளே இருக்கிற விதையும் அதே வளைவில்தான் படுத்திருக்கிறது. சதை அழுகி ஓடு தேய்ந்தாலும் வளைவு மட்டும் போகாது. கட்டுக்கொடி சீந்தில் குடும்பம். ஆகவே உன் லாடமும் அதே குடும்பம் என்று தைரியமாகச் சொல்லுவேன். எந்தப் பேரினம் என்று கேட்காதே. உள்ளே பார்க்காமல் அதற்குமேல் சொல்பவனை நான் நம்பமாட்டேன்.

இந்த வேலையில் பெரிய தொல்லையே ஒரே பழம் பல கோலத்தில் கிடைப்பதுதான். தோலோடு ஒன்று, தோல் போய்க் கொட்டை மட்டும் ஒன்று, கொட்டையும் உடைந்து அதன் உட்குழிவில் அச்சாக இறுகிய பைரைட் என்னும் இரும்பு-கந்தகக் கனிமம் மட்டும் ஒன்று. மூன்றையும் பக்கத்தில் வைத்தால் மூன்று செடி என்று சத்தியம் செய்வாய். பவர்பேங்க் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1840-ல் இந்தக் காய்களுக்காகத் தனிப் புத்தகமே போட்டார். அதற்கப்புறம் எலினார் ரீட் அம்மையாரும் மார்ஜரி சாண்ட்லரும் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் உயிருள்ள செடிகளின் காயோடு ஒப்பிட்டு, 1933-ல் பெரிய நூலாகக் கொண்டுவந்தார்கள். அப்போது ரீட் எழுபதைத் தாண்டியவர். முழங்கால் வலிக்கிறது என்று நீயும் நானும் புலம்புவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

கேலியைக் கேள். நம் சேர்வராயன் மலைப் பாறைக்கு வயசு 250 கோடி வருஷத்துக்குப் பக்கம். நிலத்தில் செடி முளைத்ததே சுமார் 47 கோடி வருஷத்துக்கு முன்புதான். இந்தப் பாறையை எத்தனை உடைத்தாலும் ஒரு விதை கிடைக்காது. ஆனால் உன் கடற்கரைக் காய்களின் சொந்தபந்தமெல்லாம் இங்கே வேலியிலும் ஓடைக்கரையிலும் கொடியோடிக் கிடக்கிறது. பூச்செடிக்கு ஹெர்பேரியம் வைக்கிற நம் ஆட்கள் காயையும் விதையையும் வெட்டி, கழுவி, டப்பாவில் போட்டு வைப்பது குறைவு. இலையும் பூவும் அழுத்தி ஒட்டிய தாளை வைத்துக்கொண்டு ஃபாசில் விதைக்கு ஜாதகம் பார்க்க முடியுமா? எனக்கு இது உண்மையிலேயே ஆதங்கம். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில் நானே சேர்க்க ஆரம்பித்திருக்கிறேன். வீட்டில் திட்டு விழுகிறது.

கடைசிப் படத்தில் இருக்கும் பேரிக்காய் வடிவ விதை திராட்சைக் குடும்பமாக இருக்கலாம். ஒரு பக்கம்தான் எடுத்திருக்கிறாய். விதையுள்ள திராட்சை ஒன்று வாங்கிக் கொட்டையைத் துப்பிப் பார்: வயிற்றுப் பக்கம் நடுவில் ஒரு வரப்பு, அதன் இருபுறமும் இரண்டு பள்ளம், முதுகில் கரண்டி அழுத்தின மாதிரி ஒரு வடு. பிரண்டையும் இந்தக் குடும்பம்தான். துவையல் அரைக்கிறோமே தவிர அதன் சிவப்புப் பழத்தை யார் கண்டார்கள்? மத்திய இந்தியாவில் தக்காண எரிமலைப் பாறைகளுக்கு இடையே கிடைத்த 6.6 கோடி வருஷத்து விதைகளை 2013-ல் இண்டோவைட்டிஸ் என்று பெயரிட்டுத் திராட்சைக் குடும்பத்தில் சேர்த்ததும் இந்தப் பள்ளங்களையும் வடுவையும் வைத்துத்தான். டைனோசர் மறைந்த காலத்தை ஒட்டிய விதை, நம் நாட்டு மண்ணில்.

ஒரு எச்சரிக்கை. அந்தக் கறுப்புக் காய்களைப் பாத்ரூம் ஜன்னலில் அடுக்கியிருப்பதாக உன் மகள் சொன்னாள். உடனே எடு. அவற்றில் இறுகியிருக்கும் பைரைட்டுக்கு ஈரம் ஆகாது. காற்றும் ஈரமும் பட்டால் கந்தக அமிலம் ஊறி, வெள்ளைப் பொடி பூத்து, ஒருநாள் தூளாகிவிடும். லண்டன் இயற்கை வரலாற்று மியூசியத்தில் இவற்றை சிலிக்கோன் எண்ணெயில் மூழ்க வைத்திருக்கிறார்கள். நீ நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா பொட்டலத்தோடு போடு. கரைமேட்டைத் தோண்டாதே, சரிந்து விழும். அலை ஒதுக்கியதை மட்டும் பொறுக்கு.

திராட்சை விதையை இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பு. பக்கத்தில் ஒரு காசு வை, அளவு தெரியட்டும். பேரனுக்கு என் ஆசி.

அன்புடன்,
ராஜமாணிக்கம்