கின்டெட்சுவின் 55 ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு?

ஜப்பான் தொழில்முறை பேஸ்பாலின் ஆணையருக்கும் 12 அணிகளின் உரிமையாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் இரண்டு லீக்குகளில் ஒன்றான பசிபிக் லீகில் 1950 முதல் 2004 வரை 55 பருவங்கள் ஆடிய ஓர் அணி இன்று யாருடைய கணக்கிலும் இல்லை. ஒசாகாவின் கின்டெட்சு பஃபலோஸைச் சொல்கிறேன். ஓரிக்ஸ் அணியோடு அது இணைக்கப்பட்டதால் அதன் பெயர் இன்று ஓரிக்ஸிடம் இருக்கிறது. ஆனால் ஓரிக்ஸ் தன் பரம்பரையை, 1988-இல் தான் வாங்கிய ஹன்க்யூ அணியிலிருந்துதான் எண்ணுகிறது. வீரர்களில் ஒரு பகுதியினர் செண்டாய் நகரத்து ராகுட்டென் அணிக்குப் போனார்கள். அந்த அணியின் வரலாறோ 2005-இல்தான் தொடங்குகிறது. அணியை நடத்திய ரயில்வே நிறுவனம் பேஸ்பாலை விட்டே விலகிவிட்டது. இந்த 55 ஆண்டுகளை உங்கள் அமைப்பே பொறுப்பேற்றுக் காக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன். ஜப்பானிய பேஸ்பாலை அதிகம் அறியாத தமிழ் வாசகர்களும் உடன் படிக்கட்டும் என்பதால் உங்களுக்குத் தெரிந்த சில செய்திகளையும் விளக்கிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கின்டெட்சு என்பது கின்கி நிப்பான் ரயில்வேயின் சுருக்கப் பெயர். ஒசாகாவையும் நாராவையும் இசே கடற்கரையையும் இணைக்கும் தனியார் ரயில் நிறுவனம் அது. 1949-இல் அணியைத் தொடங்கியபோது அதற்கு ‘பேர்ல்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். அந்த ரயில் பாதை போய்ச் சேரும் இசே-ஷிமா பகுதி முத்து வளர்ப்புக்குப் பேர்போனது. பெயர் முத்தாக இருந்தும் அணி பல ஆண்டுகள் பட்டியலின் அடியிலேயே கிடந்தது. 1959-இல் யோமியுரி ஜயன்ட்ஸின் முன்னாள் வீரர் சிபா ஷிகெரு மேலாளராக வந்தார். ஆடிய காலத்தில் அவரை ‘முரட்டுக் காளை’ என்று அழைப்பார்கள். அந்தப் பட்டப்பெயரை ஒட்டி அணி ‘பஃபலோ’ ஆனது. கொம்பு வைத்த அந்தச் சின்னத்தை வரைந்தவர் ஒகமோட்டோ தாரோ. பிற்பாடு 1970 ஒசாகா உலகக் கண்காட்சிக்குச் சூரியக் கோபுரத்தை எழுப்பிய அதே கலைஞர். சின்னம் மாறியும் தோல்வி மாறவில்லை. 1961-இல் அந்த அணி ஒரே பருவத்தில் 103 ஆட்டங்களில் தோற்றது. உங்கள் பதிவேட்டில் இன்றும் அதுவே மிக அதிகம்.

இப்படிப்பட்ட அணியில்தான் 1966-இல் சுஸுகி கெய்ஷி என்ற இடக்கை பந்து வீச்சாளர் சேர்ந்தார். 1985 வரை வேறு எந்த அணிக்கும் போகாமல், 317 வெற்றிகளையும் கின்டெட்சு சீருடையிலேயே எடுத்தார். தோற்கும் அணியில் இருந்துகொண்டு 317 வெற்றி எடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் அணிந்த 1 என்ற எண்ணை இனி யாரும் அணியக் கூடாது என்று கின்டெட்சு ஒதுக்கி வைத்தது. அணி மறைந்ததும் அந்த மரியாதையும் மறைந்தது. ஓரிக்ஸில் அந்த எண் மீண்டும் புழக்கத்துக்கு வந்துவிட்டது. புதிய வீரர் அதை அணிவதில் எனக்கு வருத்தமில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற ஓர் ஆள்கூட மிஞ்சவில்லையே என்பதுதான் வருத்தம்.

1974-இல் நிஷிமோட்டோ யுகியோ மேலாளராக வந்த பிறகே அணி தலை நிமிர்ந்தது. பக்கத்து ஹன்க்யூ அணியை ஐந்து முறை லீக் பட்டத்துக்குக் கொண்டுபோனவர் அவர். கின்டெட்சுவிலும் 1979, 1980 என இரு முறை லீக் பட்டம் வென்றார். முதல் பட்டம் வருவதற்கு அணிக்கு 30 பருவங்கள் ஆகின. இரு லீக்குகளின் பட்டம் வென்ற அணிகள் மோதும் ஜப்பான் தொடரில் இரண்டு முறையும் ஹிரோஷிமா கார்ப் அணியிடம் ஏழாவது ஆட்டம் வரை போய்த் தோற்றார்கள். 1979 நவம்பர் 4 அன்று, கடைசி ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒரு ரன் மட்டும் பின்தங்கிய நிலையில், ரன் எடுக்க ஓடிக் கடக்க வேண்டிய மூன்று பேஸிலும் கின்டெட்சு ஆள் நிற்க, ஒருவரும் அவுட் ஆகாத நிலை. எதிரே ஹிரோஷிமாவின் பந்து வீச்சாளர் எனட்சு யுடாகா. கின்டெட்சுவின் மட்டையாளர் இஷிவதா ஷிகெரு பந்தை மெல்லத் தட்டிவிட முயன்றபோது எனட்சு பந்தை மட்டைக்கு எட்டாமல் விலக்கி வீசினார். மூன்றாம் பேஸிலிருந்து ஓடிவந்தவர் அவுட் ஆனார். அந்த இன்னிங்ஸில் எனட்சு வீசிய 21 பந்துகளை ஜப்பானில் இன்றும் பேசுகிறார்கள். அந்தக் கதை எப்போதும் ஹிரோஷிமாவின் கதையாகவே சொல்லப்படுகிறது. எதிரே நின்ற அணிக்கு அதைச் சொல்ல ஆள் வேண்டாமா?

1988 அக்டோபர் 19-ஐப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். லீக் பட்டத்துக்குக் கின்டெட்சுவோடு போட்டியிட்ட செய்பு அணி தன் ஆட்டங்களை எல்லாம் முடித்துவிட்டுக் காத்திருந்தது. கின்டெட்சுவுக்கு மிஞ்சியது கவாசாகி அரங்கில் லோட்டே அணியுடன் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள். இரண்டையும் வென்றால் பட்டம். ஒன்று சமனானாலும் இல்லை. வழக்கமாகக் காலியாகக் கிடக்கும் கவாசாகி அரங்கு அன்று நிரம்பி வழிந்தது. முதல் ஆட்டத்தில் கூடுதல் இன்னிங்ஸ் கிடையாது என்பது விதி. ஒன்பதாவது இன்னிங்ஸில் இருவர் அவுட் ஆன பிறகு, ஓய்வுபெற முடிவெடுத்திருந்த நஷிதா மசடாகா மாற்று மட்டையாளராக வந்து வெற்றி ரன்னைக் கொண்டுவந்தார். 4-3. இரண்டாவது ஆட்டம் 4-4 என்று பத்தாவது இன்னிங்ஸுக்குப் போனது. நான்கு மணி நேரம் தாண்டினால் புதிய இன்னிங்ஸ் தொடங்கக் கூடாது என்று அன்று ஒரு விதி இருந்தது. பத்தாவது இன்னிங்ஸின் முதல் பாதியில் கின்டெட்சு ரன் எடுக்கவில்லை, நேரமும் ஏறக்குறைய முடிந்திருந்தது. அதன் பிறகும் இரண்டாம் பாதிக்காக வீரர்கள் களத்தில் நிற்க வேண்டியிருந்தது. இனி ஜெயிக்கவே முடியாது என்று தெரிந்தும் அவர்கள் நின்று பந்து தடுத்தார்கள். செய்புவுக்கும் அவர்களுக்கும் வெற்றி விகிதத்தில் 0.002 மட்டுமே வித்தியாசம்.

அதே நாளில் ஹன்க்யூ நிறுவனம் தன் அணியை ஓரியண்ட் லீஸ், அதாவது இன்றைய ஓரிக்ஸ் நிறுவனத்துக்கு விற்பதாக அறிவித்தது. அதே ஆண்டில் நங்காய் ரயில்வேயும் தன் ஹாக்ஸ் அணியை டாயெய் நிறுவனத்துக்கு விற்றது. ஒசாகா வட்டாரத்து ரயில் நிறுவனங்கள் பசிபிக் லீகில் நடத்திய மூன்று அணிகளில் கின்டெட்சு மட்டுமே எஞ்சியது. அடுத்த ஆண்டே அது லீக் பட்டம் வென்றது. ஜப்பான் தொடரில் யோமியுரியை முதல் மூன்று ஆட்டங்களிலும் வீழ்த்திவிட்டு அடுத்த நான்கிலும் தோற்றது.

உடலை முழுவதும் திருப்பிப் பந்து வீசும் நோமோ ஹிதேயோ 1990-இல் அறிமுகமானதும் இங்கேதான். 1995-இல் அவர் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸுக்குப் போய், ஜப்பான் வீரர்களுக்கு அமெரிக்காவின் கதவைத் திறந்தார். இன்று அமெரிக்காவில் ஆடும் ஜப்பான் வீரர்களை நீங்கள் பெருமையோடு பேசும்போது, அந்தப் பாதை எந்த அணியிலிருந்து தொடங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்வது நியாயம்.

2001-இல், முந்தைய ஆண்டு கடைசி இடத்தில் இருந்த அணி, நஷிதாவின் தலைமையில் மீண்டும் லீக் பட்டம் வென்றது. ஆம், 1988-இல் அந்த அடியை அடித்த அதே நஷிதா. டஃபி ரோட்ஸ் 55 ஹோம் ரன், நாகமுரா நோரிஹிரோ 46. பட்டத்தை உறுதிசெய்த செப்டம்பர் 26 ஆட்டத்தில் மூன்று ரன் பின்தங்கியிருந்தபோது கிடகவா ஹிரோதோஷி மாற்று மட்டையாளராக வந்து, மூன்று பேஸிலும் ஆள் இருக்க, ஹோம் ரன் அடித்து, ஒரே அடியில் நான்கு ரன் சேர்த்து ஆட்டத்தை முடித்தார். எதிரணி ஓரிக்ஸ். மூன்று ஆண்டுகள் கழித்து கின்டெட்சு இணைக்கப்பட்டதும் அதே அணியோடுதான். ஜப்பான் தொடரில் அந்த ஆண்டும் தோல்வியே. 2004-இல் மறையும்போது, 12 அணிகளில் ஒருமுறைகூட ஜப்பான் பட்டம் வெல்லாத ஒரே அணி கின்டெட்சுதான்.

2004-ஐ உங்களில் பலர் மறக்க விரும்பலாம். ஜூன் 13 அன்று இணைப்பு அறிவிக்கப்பட்டது. ஆண்டுக்குச் சுமார் 400 கோடி யென் நட்டம் என்று சொன்னார்கள். ஒரு ரயில் நிறுவனம் அவ்வளவு நட்டத்தை என்றென்றும் தாங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் லைவ்டோர் நிறுவனம் அணியை வாங்க முன்வந்தது. அதை ஏற்காமல் இணைப்பையே முன்னெடுத்தார்கள். இரண்டு லீக்குகளை ஒன்றாகச் சுருக்கும் பேச்சும் நடந்தது. வீரர்கள் சங்கத் தலைவர் ஃபுருட்டா அத்சுயா உரிமையாளர்களைச் சந்தித்துப் பேச விரும்பியபோது, யோமியுரி அணியின் அன்றைய உரிமையாளர் வதனபே சுனேயோ ‘வெறும் விளையாட்டு வீரன்தானே’ என்ற பொருளில் பதில் சொன்னார். அந்தச் சொல்தான் ரசிகர்களை வீரர்கள் பக்கம் சேர்த்தது என்று நான் நம்புகிறேன். செப்டம்பர் 18, 19 இரண்டு நாளும் ஜப்பான் தொழில்முறை பேஸ்பால் வரலாற்றின் முதல் வேலைநிறுத்தம் நடந்தது. புதிய அணிக்கு இடம் தருவதாக 23-ஆம் தேதி ஒப்புக்கொண்டீர்கள். அதனால்தான் செண்டாயில் ராகுட்டென் பிறந்தது. 12 அணிகள் 12-ஆகவே நின்றன. கின்டெட்சு மட்டும் நிற்கவில்லை.

ஒப்பந்தம் முடிந்த மறுநாள், செப்டம்பர் 24, ஒசாகா டோமில் கின்டெட்சுவின் கடைசி உள்ளூர் ஆட்டம். கூடுதல் இன்னிங்ஸில் அவர்களே வென்றார்கள். பருவத்தின் முடிவில் நஷிதா தன் வீரர்களிடம், நீங்கள் அணிந்திருக்கும் எண்கள் எல்லாமே, இனி யாரும் அணியக் கூடாத கின்டெட்சுவின் நிரந்தர எண்கள் என்று சொன்னார். அணிக்கு யாரும் தராத மரியாதையை மேலாளர் தன் சொல்லாலேயே தந்துவிட்டார். பிறகு வீரர்களை இரண்டு அணிகளுக்குப் பங்கிட்டார்கள். பந்து வீச்சாளர் இவகுமா ஹிசாஷி ஓரிக்ஸுக்குப் போக மறுத்து ராகுட்டெனுக்குப் போனார். ஃபுஜிஇதேராவில் இருந்த கின்டெட்சுவின் பழைய அரங்கு 2006-இல் இடிக்கப்பட்டது. கின்டெட்சுவில் ஆடியவர்களில் கடைசியாகக் களத்தில் இருந்த சகாகுச்சி தோமோதாகா 2022-இல் யாகுல்ட் அணியிலிருந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் ஓரிக்ஸ் பஃபலோஸ் ஜப்பான் பட்டம் வென்றது. ‘பஃபலோஸ்’ என்ற பெயருக்குக் கிடைத்த முதல் ஜப்பான் பட்டம் அது. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று பழைய ரசிகர்கள் குழம்பினால் அது அவர்கள் குற்றமா?

உங்களிடம் நான் கேட்பவை பெரிய செலவு வைப்பவை அல்ல. முதலாவதாக, கின்டெட்சுவின் 55 பருவங்களின் ஆவணங்களையும் படங்களையும் சீருடைகளையும் உங்கள் அமைப்பே பொறுப்பில் எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி ஓரிடத்தில் வையுங்கள். டோக்கியோவின் பேஸ்பால் புகழரங்கில் சுஸுகிக்கும் நிஷிமோட்டோவுக்கும் நோமோவுக்கும் தனித்தனியே இடம் இருக்கிறது. அவர்களுடைய அணிக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும். ஒசாகா அரங்கில் சுஸுகியின் 1-ஆம் எண்ணுக்கு ஒரு பலகை வைத்தால் போதும். இன்று அந்த எண்ணை அணிபவரிடமிருந்து எதையும் பறிக்க வேண்டியதில்லை.

மற்றொன்றுதான் என் முக்கியமான கோரிக்கை. 2024 முதல் நிகாட்டாவையும் ஷிசுவோகாவையும் சேர்ந்த புதிய அணிகளை உங்கள் இரண்டாம் நிலை லீக்குகளில் சேர்த்திருக்கிறீர்கள். மனமார வரவேற்கிறேன். ஒரு புதிய ஊரை அழைத்து அணி நடத்தச் சொல்லும்போது, அந்த அணியை விற்கவோ மூடவோ நேர்ந்தால் என்ன நடைமுறை என்பதையும் விதியாக எழுதி வையுங்கள். வாங்க முன்வருபவர் சொல்வதைக் கேட்பது, வீரர்கள் சங்கத்தோடு முன்கூட்டியே பேசுவது, ரசிகர்களுக்கு முழு ஒரு பருவ அவகாசம் கொடுப்பது, அணியின் வரலாற்றை யார் ஏற்றுக்கொள்கிறார் என்பதை எழுத்தில் குறிப்பது ஆகியவை அந்த விதியில் இருக்க வேண்டும். 2004-இல் ஜூனில் அறிவித்துச் செப்டம்பரில் எல்லாம் முடிந்துவிட்டது. மூன்று மாதத்தில் 55 ஆண்டுகளை முடித்துவைக்க உங்கள் விதிகள் இனி இடம் தரக் கூடாது.

அடுத்த உரிமையாளர் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கவாசாகியிலும் ஃபுஜிஇதேராவிலும் ஆடியவர்கள் பலர் இன்னும் நம்மோடு இருக்கும்போதே அந்த வேலையைத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஜப்பானிய பேஸ்பாலை நேசிக்கும் ஒரு தமிழ் ரசிகர்