நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொண்டிருக்கும்போதே "நெட்வொர்க் சரியில்ல கண்ணு, அப்புறம் கூப்பிடறேன்" என்று போனை வைத்துவிட்டேன் இல்லையா? நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது. நீ கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் வாய் வரவில்லை. முப்பத்தைந்து வருடம் சாக்பீஸ் பிடித்த கை. எழுதினால் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

டொரண்டோவில் ரத்தப் பரிசோதனையிலேயே உனக்குப் பெண் குழந்தை என்று சொல்லிவிட்டார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். பக்கத்தில் இருந்த உன் அத்தை ஸ்பீக்கரில் குனிந்து, "மொதல்ல மகாலட்சுமி வரட்டும், அடுத்தது சிங்கக்குட்டி" என்றாள். அவள் மனதில் கல்மிஷம் கிடையாது, வாய்ப் பழக்கம். உனக்குச் சிரிப்பு போய்விட்டது. "அப்பா, அக்காவுக்கு அடுத்து நான்னு தெரிஞ்சப்ப நம்ம வீட்ல என்ன சொன்னாங்க? என்னையும் ஸ்கேன் பண்ணிப் பாத்தீங்களா?" என்று கேட்டாய்.

பார்த்தோம்.

1995-ஆம் வருடம், ஆடிப்பெருக்கு கழிந்து ஒரு வாரம் இருக்கும். உன் அம்மாவுக்கு நாலு முடிந்து ஐந்தாம் மாதம். உன் அப்பாயி ஒரு மாதமாகவே புலம்பிக்கொண்டிருந்தாள். "ரெண்டாவதும் பொட்டப்புள்ளயா போச்சுன்னா என்னடா பண்ணுவ? எனக்குக் கொள்ளி வைக்க நீ இருக்க. உனக்கு யாரு வைப்பா?" அவளைக் காரணம் காட்டி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அவள் வாயால் சொன்னதை நான் தாளில் எழுதிப் பார்த்திருந்தேன். தினத்தாள் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம், முப்பது சவரன், மண்டபம், பாத்திரம், மாப்பிள்ளைக்கு வண்டி, அப்புறம் வளைகாப்பு, பிள்ளைப்பேறு, காதுகுத்து. சவரன் நாலாயிரத்தைத் தொடாத காலம் அது. அந்தத் தொகையை ஒரு தடவை போட்டு, இரண்டால் பெருக்கி, கீழே கோடும் போட்டேன். அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி சுத்தமான கணக்கு.

இதில் ஒன்றைச் சொன்னால் உனக்குச் சிரிப்பு வரும், இல்லை கோபம் வரும். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் நம் சேலம் மாவட்டத்தில்தான் முதலில் வந்தது. பெண் குழந்தை வேண்டாம் என்றால் கொன்றுவிடாதீர்கள், தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள், அரசாங்கம் வளர்க்கும் என்று ஜெயலலிதா ஆட்சியில் கொண்டுவந்தார்கள். கள்ளிப்பால், எருக்கம்பால், நெல்மணி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு உசிலம்பட்டிதான் ஞாபகம் வரும். நம் பக்கமும் அதற்குக் குறைந்ததில்லை என்பதால்தான் முதல் தொட்டில் இங்கே வந்தது. அந்தச் சமயத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஊர்வலம் போனோம். 'பெண் சிசுவைக் காப்போம்' என்று தட்டி எழுதியவன் நான். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று ஹெட்மாஸ்டர் என்னிடம்தான் கொடுத்தார். அதற்கு மூன்று வருடம் கழித்து, அதே கையால் ஸ்கேனுக்குப் பணம் எண்ணிக் கொடுத்தேன். இரண்டும் வேறு வேறு என்றுதான் மனதார நம்பினேன். கள்ளிப்பால் கொடுப்பது படிக்காத ஜனங்கள் செய்கிற பாவம், ஸ்கேன் பார்ப்பது டவுனில் டாக்டரிடம் போய்ச் செய்கிற காரியம்.

அங்கே ஒளிவுமறைவு ஏதும் இல்லை. பாலினம் பார்த்துச் சொல்லக் கூடாது என்ற சட்டம் 1994-இல் நிறைவேறியிருந்தாலும், நடைமுறைக்கு வந்தது 1996 ஜனவரி ஒன்றாம் தேதிதான். நீ பிறந்த அதே மாதம். பிற்காலத்தில்தான் 'திங்கட்கிழமை வாங்க' என்றால் பையன், 'வெள்ளிக்கிழமை வாங்க' என்றால் பெண் என்றெல்லாம் சங்கேதம் வைத்தார்கள். எங்களிடம் நேராகவே, "பொண்ணுதான் சார்" என்றார்கள். அடுத்த வாரம் என்றைக்கு வர வேண்டும், எவ்வளவு ஆகும் என்பதையும் அதே மூச்சில் சொன்னார்கள். உன் அம்மா முந்தானையால் வயிற்றிலிருந்த பசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சொன்ன நாள் காலையில் நான் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பையில் பணத்தையும் மாற்றுப் புடவையையும் வைத்துக்கொண்டு திண்ணையில் நின்றேன். ஒன்பதே முக்கால் பஸ். உன் அம்மா ஆட்டுக்கல்லில் உட்கார்ந்து இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். "நேரமாச்சு" என்றேன். "மாவு பாதியில இருக்கு" என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு படி உளுந்து ஊறப் போட்டிருந்தாள். அதை எடுத்துக் குழியில் போட்டாள். நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு அவ்வளவு மாவு எதற்கு? பஸ் வந்த சத்தமும் கேட்டது, போன சத்தமும் கேட்டது. அவள் ஆட்டிக்கொண்டே இருந்தாள். அப்பாயி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். நான் பையை ஆணியில் மாட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அரை நாள் லீவு வெட்டி. ஒரு வாரம் தெருவுக்கே மாவு கொடுத்தோம்.

அவ்வளவுதான் நடந்தது. நான் மனம் மாறினேன் என்று சொன்னால் பொய். அவள் எழுந்து வந்திருந்தால் கூட்டிக்கொண்டு போயிருப்பேன்.

கருவைக் கலைப்பதே குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. 1971-லிருந்து அதற்குச் சட்டம் இருக்கிறது, பெண்களுக்கு அது தேவைப்படுகிற நேரங்களும் உண்டு. எங்கள் விஷயம் வேறு. உன் அம்மா அந்தக் கருவைச் சுமக்க மாட்டேன் என்று சொல்லவே இல்லை. பெண் என்பதால் வேண்டாம் என்று நானும் அப்பாயியும் காலண்டர் தாளும் சேர்ந்து முடிவு செய்திருந்தோம்.

2001-இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. பிப்ரவரி 9-லிருந்து 28 வரை. வாத்தியார்கள் தலையில்தான் கட்டுவார்கள். எனக்கு நம் தெருவும் சேர்ந்தே வந்தது. கல்யாணமான பெண்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் இரண்டு அடுத்தடுத்து இருக்கும்: உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இப்போது உயிரோடு இருப்பவர்கள் எத்தனை. நம் வீட்டில் அப்பாயியைத் திண்ணையில் உட்கார வைத்துக் கேட்டேன். நீ என் பென்சிலைக் கேட்டு அடம்பிடித்துக்கொண்டிருந்தாய்.

"உசிரோட பொறந்தது எத்தனைம்மா?"

"ஏழு."

"இப்ப இருக்கறது?"

"நீ, உங்கக்கா, உன் தம்பி. மூணு."

கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே, "ரெண்டு அம்மையில போச்சு" என்றாள். மீதி இரண்டு? நான் கேட்கவில்லை. "கோழிய அடைச்சாங்களா இல்லையான்னு பாரு" என்று எழுந்து போய்விட்டாள். பட்டப்பகலில் யார் கோழியை அடைப்பார்கள்? ஏழு, மூன்று என்று கட்டத்தில் எழுதினேன். உன் அம்மாவுக்கு இரண்டு, இரண்டு.

அன்று இரவு படிவங்களைக் கூட்டும்போதுதான் உறைத்தது. அப்பாயியின் நாலு குழந்தைகள் ஏழுக்கும் மூன்றுக்கும் நடுவில் காகிதத்திலாவது இருக்கிறார்கள். நாங்கள் அந்த பஸ்ஸில் ஏறியிருந்தால் அம்மாவின் கட்டத்தில் ஒன்று, ஒன்று என்று வந்திருக்கும். கணக்கு சரியாக இருக்கும். தெருக்கோடியில் ஒரு வீடு, மூத்த பெண்ணுக்கு ஏழு வயது, பையனுக்கு ஒன்று. அந்த அம்மாவுக்கும் இரண்டு, இரண்டு. நடுவில் ஆறு வருடம். அதைக் கேட்க ஃபாரத்தில் கட்டம் இல்லை. எல்லா வீடும் அப்படியென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆறு வயது வரையுள்ள பையன்களையும் பெண்களையும் தனித்தனியாகக் கூட்டும்போது பெண்கள் பக்கம் சின்னதாகவே வந்தது. மாவட்டக் கணக்கு வெளிவந்தபோது சேலத்தில் 1000 பையன்களுக்கு 851 பெண்கள். தானாகப் பிறக்க விட்டால் 950-ஐ ஒட்டி இருக்க வேண்டியது. அந்த 851-இல் நீ ஒருத்தி.

2011-இல் சேலம் 916-க்கு ஏறியது. சந்தோஷப்பட்டேன். ஆனால் மாநிலக் கணக்கு 942-லிருந்து 943 என்று நின்ற இடத்திலேயே நின்றது, ஏனென்றால் கடலூரும் அரியலூரும் 900-க்குக் கீழே இறங்கிவிட்டன. தொட்டிலை அந்த மாவட்டங்களுக்கும் கொண்டுபோனார்கள். கருவிலேயே முடிந்துபோவதைத் தொட்டில் என்ன செய்யும்? இப்போதும் வாடகை வீட்டில் கையடக்க ஸ்கேன் மெஷினை வைத்துப் பார்த்தவர்களைத் தருமபுரிப் பக்கம் பிடித்தார்கள் என்று பேப்பரில் வருகிறது.

இந்தப் பக்கத்தில் தறி வைத்திருக்கிற பையன்கள் நாற்பதை நெருங்கியும் பெண் கிடைக்காமல், புரோக்கர் பிடித்துப் பாலக்காட்டுக்குப் போய்வருகிறார்கள். அதைக் காட்டித்தான் 'பெண் குழந்தை வேண்டும்' என்று இப்போது மேடையில் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. இன்னொருத்தன் சமையலுக்கு ஆள் குறைகிறது என்பதற்காகவா நீ வேண்டும்?

டொரண்டோவில் இதெல்லாம் இருக்காது என்று நீ நினைக்கலாம். ஒன்டாரியோவில் இருபது வருடப் பிறப்புக் கணக்கைப் பார்த்து 2016-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். இந்தியாவில் பிறந்து அங்கே போன தாய்மாரில், இரண்டு பெண்ணுக்கு அப்புறம் மூன்றாவதாகப் பெற்றவர்களுக்கு 100 பெண்ணுக்கு 196 பையன். விமானம் ஏறினாலும் காலண்டர் தாள் பையிலேயே இருக்கும் போல.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தாத்தா நிலத்தில் தன் பங்கு வேண்டாம் என்று அத்தையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினோம். பதிலுக்கு ஒரு பட்டுப்புடவை. சிங்கக்குட்டி என்று சொல்கிறாளே, அவள்தான் நின்ற நிலையில் கையெழுத்துப் போட்டாள். அவள் பங்கைத் திருப்பி எழுதிக்கொடுக்கப் பத்திர எழுத்தரைப் பார்த்துவிட்டு வந்தேன். "இப்ப எதுக்குடா" என்கிறாள். மிச்சம் இருப்பது உனக்கும் அக்காவுக்கும் சரிபாதி. கொள்ளியும் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே வையுங்கள். ஊரில் முணுமுணுப்பார்கள், வேளாவேளைக்குக் காபி கொடுத்தால் சரியாகிவிடும்.

பிரசவத்துக்கு அம்மா வருகிறாள். விசாவுக்குக் கைரேகை கொடுத்தாயிற்று. நீ எதையாவது அவளிடம் கேட்க வேண்டும் என்றால் அங்கே வந்ததும் கேள். நான் உனக்கு எழுதியிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு உளுந்தை வேண்டுமென்றே கூட ஊறப் போட்டாளா என்று முப்பது வருடமாக நானும் கேட்டதில்லை.

அன்புடன்,
அப்பா